கிணற்றடியில் ஒரு கணக்கு

புள்ளலூர் என்றதும் வரலாறு பயிலும் மாணவர்க்குப் போர்க்களமே நினைவுக்கு வரும். மகேந்திரவர்மன் இங்கே பகைவரை வென்றான் என்று காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. 1780-இல் ஐதர் அலியின் படைக்கு முன் கர்னல் பெய்லியின் கும்பினிப் படை இங்கேதான் தோற்றது. நான் இன்று கூற வந்த போட்டியோ வேறு. அஃது ஓசையின்றி நிலத்தின் அடியில் நடைபெறுகிறது.

இவ்வட்டாரத்து வயல்வெளியில் நடந்தபோது முதிய உழவர் ஒருவர் தம் கிணற்றைக் காட்டினார். படிகள் எல்லாம் தெரிந்தன, நீர் தெரியவில்லை. "பக்கத்து நிலத்துக்காரர் ஆழ்துளைக் கிணறு போட்டார் ஐயா. அவர்மேல் குற்றமில்லை. என்னிடம் பணம் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்" என்றார். சிக்கல் முழுவதும் அந்தப் பேச்சில் அடங்கிவிட்டது.

மாடு கட்டி நீர் இறைத்த நாளில், இன்னும் சிறிது இறைக்கலாம் என்று எண்ணியவரை மாட்டின் களைப்பும் ஆளின் கூலியும் தடுத்தன. பின்னர் மின்சாரப் பம்பு வந்தது. 1990 முதல் தமிழ்நாட்டு உழவர் அனைவர்க்கும் பாசன மின்சாரம் இலவசமாயிற்று. ஏழை உழவருக்கு அது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் கணக்கைப் பாருங்கள். பம்பை மேலும் ஒரு மணி நேரம் ஓட்டுபவருக்குக் கூடுதல் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. இறங்கும் நீர்மட்டத்தின் செலவோ அண்டை வீட்டார் தலையில் விழுகிறது. இதனைப் பொருளியலார் புறச்செலவு என்பர். அத்தகைய செலவை உண்டாக்குபவரே வரியின் வழியாக ஏற்க வேண்டும் என்பது, 1920-இல் நூல் எழுதிய ஆங்கில அறிஞர் பிகுவின் கருத்து.

அப்படியாயின் உழவருக்கு வரி விதிப்பதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வேறு வழியும் உண்டு. 2018-இல் பஞ்சாபில் ஒரு சோதனை தொடங்கியது. உழவருக்கு இவ்வளவு மின்சாரம் என்று அளவு வகுத்தனர். அதில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நான்கு ரூபாய் வழங்கினர். உதவி நின்றுவிடவில்லை, வீணாக்காமல் இருப்பதற்கும் ஒரு மதிப்புக் கிடைத்தது.

விலை ஒன்றே மருந்தன்று. நம் மாவட்டத்து உத்திரமேரூரில் 919, 921 ஆகிய ஆண்டுகளின் பராந்தகச் சோழன் கல்வெட்டுகளைக் காணலாம். ஏரியைப் பேண, குடவோலையில் தேர்ந்தவருள் அறுவரைக் கொண்ட ஏரி வாரியம் இருந்தது. பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வு பெற இயலாது. பொதுச் சொத்தை அதனைப் பயன்படுத்துவோரே விதி வகுத்துக் காக்க முடியும் என்று ஆராய்ந்து காட்டிய எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார் 2009-இல் நோபல் பரிசு பெற்றார். அத்தகைய விதியை நம் முன்னோர் கல்லிலேயே வெட்டி வைத்தனர்.

ஏரியின் நீர் கண்ணுக்குத் தெரியும். குறைந்தால் ஊர் கூடிப் பேசும். நிலத்தடி நீர் தெரிவதில்லை. ஆகையால் எவரும் கணக்குக் கேட்பதில்லை. மாணவ நண்பர்களே, உங்கள் ஊர்க் கிணற்றில் மாதந்தோறும் முதல் நாளன்று கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து, பள்ளிச் சுவரில் எழுதி வையுங்கள். தெரியாத நீர் அன்று முதல் தெரியத் தொடங்கும். ஊர் கூடிப் பேசுவதற்கு அந்த எண்ணே தொடக்கமாகும்.