ஒருவருக்கு மட்டும் மருந்து போதாது

கருவுற்ற பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் செய்யப்படும் இரத்தச் சோதனைகளுள் சிபிலிஸ் நோய்க்கான சோதனையும் ஒன்று. பறங்கிப்புண், மேகப்புண் என்று நம் முன்னோர் குறிப்பிட்ட நோய் இதுவே. 'நோய் இருக்கிறது' என்று முடிவு வந்துவிட்டால், பல இல்லங்களில் பழி முழுவதும் அந்தப் பெண்ணின் தலையிலேயே விழுகிறது. கணவரோ சோதனைக்கே முன்வருவதில்லை.

இந்நோயின் கிருமியை 1905ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஷௌடின், ஹோஃப்மான் ஆகியோர் கண்டறிந்தனர். உடலுறவின் வாயிலாகப் பரவும் இது, முதலில் வலியற்ற புண்ணாகத் தோன்றிச் சில வாரங்களில் தானே ஆறிவிடும். பின்னர் உள்ளங்கை, உள்ளங்கால் உட்பட உடலில் தடிப்புகள் தோன்றி, அவையும் மறையும். அதன்பின் பல்லாண்டுகள் எவ்வித அறிகுறியுமின்றி நோய் உள்ளே பதுங்கியிருக்கும். ஆதலால், தம்மிடம் நோய் இருப்பதைப் பலர் அறிவதேயில்லை. இருவரில் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை இரத்தச் சோதனை கூறிவிடாது. அவ்வாறிருக்க, முதலில் சோதிக்கப்பட்டவர் என்பதற்காகவே மனைவியைக் குற்றவாளியாக்குவது எவ்வகை நீதி?

தாயின் இரத்தத்திலுள்ள கிருமி கருவையும் தாக்கும். கருச்சிதைவு ஏற்படலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம், உயிருடன் பிறப்பினும் எலும்பு, கண், செவி ஆகியவை பழுதுறலாம். ஆயினும் இது குணப்படுத்தக்கூடிய நோயே. 1943ஆம் ஆண்டு முதல் பென்சிலின் இதற்குக் கைகண்ட மருந்தாக விளங்கி வருகிறது. தொடக்க நிலையில் பெரும்பாலும் ஒரே ஊசி போதுமானது. நாட்பட்ட நோய்க்கு வாரம் ஒன்றாக மூன்று ஊசிகள் தேவைப்படும். அம்மருந்து ஒவ்வாதவர்கள் அதனை மருத்துவரிடம் முன்னரே தெரிவித்துவிட வேண்டும்.

இங்கேதான் கணவரின் பொறுப்பு முன்வருகிறது. ஒருமுறை குணமானவரையும் இந்நோய் மீண்டும் பற்றும். மனைவிக்கு மட்டும் ஊசி போட்டுவிட்டுக் கணவர் ஒதுங்கிக்கொண்டால், அவரிடமிருந்தே அவளுக்கு மீண்டும் தொற்றக்கூடும். எனவே இருவரும் சோதனையும் சிகிச்சையும் பெற்று, மருத்துவர் அனுமதிக்கும்வரை கூடாதிருத்தல் அவசியம். ஆணுறை ஆபத்தைப் பெரிதும் குறைக்கும். எனினும் அது மறைக்காத இடத்திலுள்ள புண்ணிலிருந்து தொற்று பரவலாம். இப்புண்கள் எச்.ஐ.வி. நுழைவதையும் எளிதாக்குவதால், அச்சோதனையையும் உடன் செய்துகொள்வது நலம். அரசு நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. சோதனை இலவசமாகவும் இரகசியமாகவும் செய்யப்படுகிறது.

நிக்காஹுக்கு நாள் குறிக்கும் பெற்றோர் மஹரைப் பற்றிப் பேசுகிறோம். விருந்தைப் பற்றிப் பேசுகிறோம். மணமக்கள் இருவரின் இரத்தச் சோதனையைப் பற்றியும் பேசுவோமாக. நாணம் நமக்கு அணிகலனே. அது ஒரு சிசுவின் உயிரைப் பறிக்கும் மௌனமாக மாறிவிடலாகாது.