வார்டின் காற்றை மாற்றாத ஏசி

காசநோயாளி இருமும்போது தெறிக்கும் பெரிய துளிகள் சில அடி தூரத்திலேயே விழுந்துவிடும். நுண்துளிகள் அப்படியல்ல; ஈரம் வற்றிக் கிருமியைச் சுமந்தபடி மணிக்கணக்கில் மிதக்கும். சின்னமுத்து, கொப்புளிப்பான், கோவிட் கிருமிகளும் இவ்வழியே பரவக்கூடியவை.

காசநோய் காற்றில் பரவுவதை 1950களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் வெல்ஸ், ரிச்சர்ட் ரைலி ஆகியோர் நிரூபித்தார்கள். காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே கினிப்பன்றிக் கூண்டுகளுக்கு அனுப்பினார்கள். நோயாளரை நெருங்கவே செய்யாத அந்த விலங்குகளுக்குக் காசநோய் தொற்றியது. புறஊதாக் கதிர் பாய்ச்சிய காற்றைச் சுவாசித்தவை தப்பின.

கிருமி கலந்த காற்று வெளியேற ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஆனால் மாத்தளை மாவட்டத்தில் வார்டு ஜன்னலை மூடவைக்கும் காரணம் ஊருக்கு ஊர் மாறும். இரத்தோட்டை, எல்கடுவ மலைப்பக்கம் மழையும் குளிரும். தம்புள்ளை, கலேவெல பக்கம் வெயிலும் புழுதியும். வெக்கைக்கு ஏசி பூட்டினால் போதும் என்று தோன்றும். சுவரில் மாட்டும் சாதாரண ஏசியோ அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை.

அறையின் காற்று மணிக்கு 2 தடவை மாறினால், மிதக்கும் கிருமிகளில் 99 வீதம் வெளியேற 138 நிமிடம் எடுக்கும். 6 தடவை என்றால் 46 நிமிடம்; 12 தடவை என்றால் 23 நிமிடம். சாதாரண வார்டில் நோயாளி ஒருவருக்கு வினாடிக்கு 60 லீற்றர் வெளிக்காற்று தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டி. பெருவின் லீமா நகர வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. கதவு ஜன்னல்களைத் திறந்ததும் காற்று மணிக்குச் சராசரியாக 28 தடவை மாறியது. உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட பழைய கட்டடங்களே புதியவற்றை முந்தின.

வார்டின் காற்றில் மிதப்பவை நோயாளரின் கிருமிகள் மட்டுமல்ல. ஈரம் ஊறிய சுவரும் கட்டட வேலைப் புழுதியும் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சண வித்துகளைப் பரப்பும். புற்றுநோய்ச் சிகிச்சையால் எதிர்ப்புச் சக்தி குன்றியவருக்கு அவை உயிராபத்து. ஆகவே ஒழுகும் கூரையைத் திருத்துவதும் தொற்றுத் தடுப்பு வேலைதான்.

புதிய வார்டு கட்டுவோர் ஏசிக்கு முன் எதிரெதிர் ஜன்னல்களைத் திட்டமிடட்டும். கொசுவுக்கு வலை, சாரலுக்கு நீண்ட தாழ்வாரம் போதும். நோயாளரைப் பார்க்கப் போகிறவர்கள் கூட்டமாகப் போகாதீர்கள். இருமல் இருந்தால் முகக்கவசம் அணியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரச மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் அது இலவசம்.