பாசிக்குச் சோறு போடுவது யார்?

திருவண்ணாமலையிலிருந்து கடலைப் பார்க்கப் புதுச்சேரிக்குப் போனால் சுமார் நூறு கிலோமீட்டர். இவ்வளவு உள்ளே இருக்கும் ஊரில், ஒரு வீட்டுக் கூடத்தில் கோமாளி மீன் நீந்துகிறதென்றால் அந்தக் கடல் அந்த வீட்டிலேயே தயாரானது. உப்பு பையில் வரும். தண்ணீர் ஊருடையது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடலுப்புக் கலவையைக் கரைத்தால் மீனுக்குப் போதும். தொட்டி வைத்துச் சில வாரங்கள் ஆனதும் மணலிலும் கண்ணாடியிலும் பழுப்பாக ஒரு படலம் படரும். துடைத்தால் போய்விடும், அடுத்த நாளே திரும்பி வந்துவிடும்.

அந்தப் பழுப்பு டயாட்டம் என்ற ஒற்றைச்செல் பாசி. அது தன்னைச் சுற்றிச் சிலிக்காவால் ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. சிலிக்காதான் கண்ணாடிக்கும் மூலப்பொருள். டப்பாவும் மூடியும் போல ஒன்றின்மேல் ஒன்று பொருந்திய இரண்டு பாதிகள் அந்தக் கூடு. அதில் வரிசை தப்பாத நுண்துளைகளை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். கூடு கட்ட அதற்குச் சிலிக்கா எங்கே கிடைத்தது? திருவண்ணாமலையின் மலையைச் சுற்றியிருக்கும் நிலமெல்லாம் அடியில் கருங்கல். மழைநீர் பாறை வெடிப்புகளில் இறங்கித் தங்கும் காலத்தில் கல்லிலிருந்து சிலிக்காவைச் சிறுகச் சிறுகக் கரைத்துக்கொள்கிறது. அந்த நீரைப் போர்வெல் மேலே கொண்டுவருகிறது. தொட்டியில் நாம் துடைக்கும் பழுப்பு, ஒருகாலத்தில் பாறையாக இருந்தது.

வெயில் காலத்தில் இது இன்னும் கூடும். சித்திரை, வைகாசியில் தொட்டி சூடாகாமலிருக்க மேலே மின்விசிறி வைப்பார்கள். அப்போது நீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது வெறும் நீர்தான். உப்பும் சிலிக்காவும் மற்றவையும் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்ததை ஈடுகட்டத் தினமும் போர் தண்ணீர் ஊற்றினால், ஊற்றும் ஒவ்வொரு குடத்தோடும் கரைந்த கல் கொஞ்சம் உள்ளே போய்ச் சேர்கிறது. அதனால் இந்த ஊரில் பாசியைக் கட்டுப்படுத்த நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரைத்தான். சமையலறை ஆர்.ஓ. பெரும்பகுதியை நீக்கிவிடும். அதற்குப் பிறகு அயனிகளைப் பிடிக்கும் ரெசின் குடுவை ஒன்றையும் சேர்த்து, அதில் வடிந்த நீரை மட்டும் பயன்படுத்தினால் பழுப்பு தானாக ஓய்ந்துவிடும். சிலிக்கா தீர்ந்துபோனால் டயாட்டத்தால் கூடு கட்ட முடியாது.

அடுத்து வரும் பச்சைப் பாசி அவ்வளவு எளிதில் விடாது. கல்லில் முடிபோல் நீண்டு வளரும் இதற்குச் சிலிக்கா தேவையில்லை. நைட்ரஜனும் பாஸ்பரஸும் போதும். இரண்டையும் கொடுப்பது நாம்தான், மீன் தீனியாக. மீன் உண்டதில் ஒரு பங்கு அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேறுகிறது. கல்லிலும் மணலிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தீனியிலிருந்த பாஸ்பரஸ் பாஸ்பேட்டாகக் கரைகிறது. கடலில் இதெல்லாம் எல்லையில்லாத நீரில் கலந்து காணாமல் போகும். இருநூறு லிட்டர் தொட்டியில் போக இடமில்லை.

ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு என்ற அமெரிக்க ஆய்வாளர் 1934இல் வியப்பான ஒன்றைக் கவனித்தார். கடலின் மிதவை உயிர்களில் கரியும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருந்தன. பின்னர் உறுதிப்பட்ட கணக்கு 106க்கு 16க்கு 1. அதாவது, ஒரு பாஸ்பரஸ் அணு கிடைத்தால் நூற்றுக்கும் மேற்பட்ட கரி அணுக்களை உடலாக்கிக்கொள்ளப் பாசிக்கு வழி பிறக்கிறது. கல்லில் படரும் பாசிகளில் விகிதம் வேறு. அவற்றுக்கு இன்னும் குறைந்த பாஸ்பரஸே போதும். ஒரு சிட்டிகை கூடுதல் தீனி ஏன் இவ்வளவு பச்சையாகிறது என்பது இதில் விளங்கிவிடும்.

1973இல் கனடாவின் ஒன்டாரியோவில், 226 என்று எண்ணிட்ட ஓர் ஏரியை டேவிட் ஷிண்ட்லரும் குழுவினரும் நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கரியும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் மட்டும் பச்சையாகிப்போனது. வானிலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குச் சோப்புத்தூளில் பாஸ்பேட் கூடாது என்று வாதாட வேறு சான்று தேவைப்படவில்லை. தீபத் திருவிழா முடிந்ததும் தெப்பம் நடக்கும் அய்யங்குளமானாலும், வீட்டுக் கூடத்துத் தொட்டியானாலும், உள்ளே போனது வெளியே வராவிட்டால் அது பாசியாக நிற்கும். குளத்து மீனுக்கு அள்ளி வீசும் பொரியும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

மீன் தொட்டியின் வரலாற்றிலேயே பாசி முதல் பக்கத்தில் இருக்கிறது. லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850 வாக்கில் ஒரு தொட்டியில் தங்கமீன்களையும் நீர்ச்செடியையும் வைத்து, தண்ணீரை மாற்றாமலே காக்க முடியுமா என்று பார்த்தார். அழுகிய இலையும் பாசியும் சேர்ந்து நீரைக் கெடுத்தன. குளத்து நத்தைகளை விட்டார். அவை மேய்ந்து சுத்தம் செய்ய, தொட்டி நிலைபெற்றது. இன்றும் கடல்நீர்த் தொட்டிக்காரர்கள் டிரோகஸ் நத்தையையும் கடல் முள்ளெலியையும் விடுவதற்குப் பின்னால் இருப்பது அதே புத்திதான்.

மேய்ப்பவர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கரீபியக் கடல் காட்டியது. 1983 தொடக்கத்தில் பனாமா அருகே, நீண்ட முட்களுடைய கரிய கடல் முள்ளெலிகள் நோயில் சாகத் தொடங்கின. ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் கரீபியக் கடல் முழுக்க அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்தன. பாசி தின்னும் மீன்களை ஜமைக்காவில் ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள், 1980இல் வந்த புயல் பவளங்களை உடைத்திருந்தது. 1970களின் பிற்பகுதியில் ஜமைக்காவின் பாறைகளில் பாதிக்கு மேல் உயிருள்ள பவளம் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அது ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே போய், பாசி தொண்ணூறைத் தாண்டியிருந்தது.

அப்படியானால் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யமாக்கிவிட்டால் தீர்ந்ததா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பவளத்தின் உடலுக்குள்ளேயே ஒரு பாசி வாழ்கிறது. பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பங்கை ஒளிச்சேர்க்கை செய்து கொடுப்பது அதுதான். உரத்தை முற்றிலும் துடைத்தெடுத்தால் அதுவும் பட்டினி கிடக்கும், பவளம் வெளிறும். போட்டிக்கு ஆளில்லாத அந்த வெற்றிடத்தில் டைனோஃப்ளாஜெல்லேட்டுகள், நூல்நூலாகக் குமிழ் ஏந்திய பழுப்புச் சளியாகத் தொட்டியை மூடும். அவற்றில் சில நஞ்சுள்ளவை, மேய்ந்த நத்தைகளும் சாகும். பாசியை அழிக்கும் மருந்துகளையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். செம்பு கலந்தவை நத்தையையும் இறாலையும் பவளத்தையும் சேர்த்தே கொல்லும். மற்றவை பாசியைக் கொன்றாலும், அழுகும் பாசி தான் தின்ற நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் திரும்ப நீரிலேயே விட்டுவிடும்.

நம்பத்தகுந்த வழி, பாசியாலேயே பாசியைக் கட்டுப்படுத்துவது. வால்டர் ஆடி என்ற விஞ்ஞானி, ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பவளப்பாறைத் தொட்டி ஒன்றை நடத்தியபோது, நீரை மெல்லிய ஓடையாக ஒரு வலைத்தட்டின் மேல் ஓடவிட்டு, கடுமையான வெளிச்சத்தில் அங்கே பாசியை வேண்டுமென்றே வளர்த்தார். வளர்ந்ததை அவ்வப்போது சுரண்டி எடுக்கும்போது, அது உறிஞ்சிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் தொட்டியைவிட்டே போய்விடுகின்றன. வீட்டில் இதன் எளிய வடிவம், பெரிய தொட்டிக்குக் கீழே ஒரு சின்னத் தொட்டி. அதில் கீட்டோமார்ஃபா என்ற பச்சை நூல்பாசிப் பந்து. மேலே விளக்கு அணையும் இரவில் கீழே விளக்கு எரியும். பகலில் மீனும் பவளமும், இரவில் பாசியும் முறைபோட்டு வாழும். இத்தோடு தீனியை அளவாகப் போடுங்கள். உறைந்த தீனியை உருக்கிய நீரை வடித்து ஊற்றிவிடுங்கள். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். பாஸ்பேட் மிகவும் ஏறிவிட்டால் இரும்பு ஆக்சைடு மணிகளை வடிகட்டியில் வைக்கலாம். நம் செம்மண்ணின் நிறத்துக்குக் காரணமான அதே இரும்பு, பாஸ்பேட்டைப் பற்றி வைத்துக்கொள்ளும்.

கல்லின் இடுக்கில் பளபளக்கும் பச்சை உருண்டை ஒன்று தெரிந்தால் பிடுங்குவதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள். வலோனியா என்ற அந்த உருண்டை, கோலிக்குண்டு அளவு வளர்ந்தாலும் ஒரே ஒரு செல். வெறுங்கண்ணால் முழுதாகப் பார்க்கக்கூடிய செல்கள் உலகில் அதிகமில்லை.

பிடுங்கியதை எங்கே போடுகிறீர்கள் என்பது மீனைவிடப் பெரிய விஷயம். 1984இல் மொனாக்கோவின் கடல் அருங்காட்சியகத்துக்குக் கீழே, காலர்ப்பா என்ற மீன்தொட்டிப் பாசி ஒரு சதுர மீட்டர் அளவில் தென்பட்டது. பிறகு மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பரவியது. 2000இல் அதே இனம் கலிஃபோர்னியாவில் தலைகாட்டியபோது, அதை ஒழிக்க ஆறு ஆண்டுகள் ஆயின. நம் மன்னார் வளைகுடாவிலும், வளர்ப்புக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவின் பவளங்கள்மேல் ஏறியதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஆகவே எடுத்த பாசியைச் சாக்கடையிலோ குளத்திலோ, கடற்கரைக்குப் போகும்போது கடலிலோ போடாதீர்கள். மொட்டைமாடி வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் சேருங்கள். மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த உயிர்க்கல் (பாக்டீரியா முதலியன குடியிருக்கும் கடல் கல்), பவளம் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். 2001 முதல் கற்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. காய்ந்த கல்லே போதும். பாக்டீரியா அதில் குடியேறச் சில மாதங்கள் ஆகும், அதுவரை மீனைக் குறைத்து வையுங்கள்.