இரவுப் படத்துக்கு எந்த பிலிம்? கேட்டுக் கொடுப்பதே வியாபாரம்

"ராத்திரியில் படம் எடுக்க வேண்டும், நல்ல பிலிமாகக் கொடுங்கள்" என்று கேட்பவருக்கு, இருப்பதில் வேகம் கூடிய ரோலை எடுத்து நீட்டுவது நம் கடைகளில் பழக்கம். இது பாதி அளவே சரி. சுவாமி புறப்பாடு வேறு, வாணவேடிக்கை வேறு. இளைஞர்கள் மீண்டும் பிலிம் கேட்டு வரும் இந்நாளில் ரோல் விலையும் கழுவும் கூலியும் அதிகம். 36 படமும் வீணானால் அந்த வாடிக்கையாளர் மறுபடி நம் படி ஏறமாட்டார்.

டப்பாவில் உள்ள ஐ.எஸ்.ஓ. எண்தான் பிலிமின் வேகம். பழைய ஆட்கள் ஏ.எஸ்.ஏ. என்பார்கள். எண் இரட்டித்தால் பாதி வெளிச்சம் போதும். 100-க்கு வேண்டிய வெளிச்சத்தில் கால் பங்கு 400-க்கும், அரைக்கால் பங்கு 800-க்கும் போதும். ஆனால் வேகம் கூடக் கூடப் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளி தெரியும்.

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில் 5-ஆம் நாள் இரவு ரிஷப வாகனம். சுவாமியும், சுமப்பவர்களும், கூட்டமும் அசைந்துகொண்டே இருப்பார்கள். ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தலாம். வாகனத்தை நிறுத்த முடியாது. ஆகவே 800 பிலிம், எஃப் 2 லென்ஸ், 1/60 வினாடி என்று தொடங்கச் சொல்லலாம். சிறிய கேமராவின் பிளாஷ் சில மீட்டர்தான் எட்டும். 100-க்குப் பதில் 400 போட்டால் அந்தத் தூரம் இரண்டு மடங்காகும், நான்கு மடங்காகாது. 8-ஆம் நாள் அறுபத்துமூவர் உலா பிற்பகலிலேயே தொடங்கிவிடுவதால் அதற்கு 400 பொதுவாக உதவும்.

வாணவேடிக்கையில் கணக்கு தலைகீழ். வெடிப்பதே வெளிச்சம். வேகமான பிலிமில் சிவப்பும் பச்சையும் வெளுத்துப் போகும். 100 பிலிம், ஸ்டாண்ட், எஃப் 8 அல்லது 11, ஷட்டரை 'பல்ப்' நிலையில் 2 முதல் 4 வினாடி திறந்து வைத்தால் ஒளிக்கோடுகள் முழுதாக விழும். கேமரா ஆடாமல் இருக்கக் கேபிள் ரிலீசும் விற்கலாம். பிளாஷை அணைத்துவிடச் சொல்லவும். கம்பி மத்தாப்பு பிடித்த குழந்தையின் முகம்தான் வேண்டுமென்றால் மறுபடியும் 400.

தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று பட்டாசுக்குக் காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் என்று வரையறுத்து வருகிறார்கள். தி.நகர் மொட்டை மாடியில் நிற்பவருக்கு மாலையில் கிடைப்பது அந்த ஒரு மணி நேரமே. தவறான பிலிமை மாற்றிக்கொண்டிருக்க நேரம் இராது.

400 பிலிமை 800 என்று வைத்து எடுப்பவர்களும் உண்டு. ரோல் முழுவதையும் அப்படியே எடுத்து, டப்பாமேல் எழுதி, லேபிலும் சொல்ல வேண்டும் என்று எச்சரிக்கவும்.

கொள்முதலிலும் கவனம் தேவை. வேகமான பிலிம் சென்னை வெயிலில் சீக்கிரம் கெடும். 800 சரக்கைப் பங்குனிக்குச் சற்று முன் அளவாக எடுத்து, குளிர்ந்த இடத்தில் வைத்து, காலாவதித் தேதி முந்தியதை முதலில் விற்கவும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததைச் சில மணி நேரம் வெளியே வைத்த பிறகே டப்பாவைத் திறக்கச் சொல்லவும்.

ரோலை எடுப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: "எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள்? ஸ்டாண்ட் இருக்கிறதா?" பதிலைக் கேட்டபின் எந்த ரோல் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.