பாஸ்தா உன்னோடது... பில்லு யாரோடது?

செமஸ்டர் முடிஞ்சாச்சு. 'மச்சி, தபாஸ், பாஸ்தா எல்லாம் கிடைக்கிற இடத்துக்குப் போலாம்டா' என்று கேங்கே கிளம்பியாச்சு. அதில் ஒருத்தன் மட்டும் மெனு கார்டை வலது பக்கத்திலிருந்து படிப்பான். விலை அங்கேதானே இருக்கு! கடைசியில், 'எனக்குப் பசிக்கலடா' என்று தண்ணி குடிப்பான். அவனுக்குப் பசிக்கும், பாஸ். பில்லை சரிசமமா பிரிச்சிடுவீங்களோன்னு பயம், அவ்வளவுதான்.

இதுக்கு வழி அந்த மெனுவிலேயே இருக்கு. ஸ்பானிஷ் மொழியில் 'தபா' என்றால் மூடி. ஆனா சாப்பாட்டு மேஜையில் அது, நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துச் சாப்பிடுகிற சின்னத் தட்டு. வறுத்த உருளைக்கிழங்கு மேலே கார சாஸ் ஊற்றினால் 'பத்தாத்தாஸ் பிராவாஸ்'. நம்ம உருளை வறுவலுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்! இத்தாலிக்காரர்களின் பாஸ்தா அப்படியில்லை, ஆளுக்கொரு தட்டு.

ஆக, நடுவில் இருக்கிற தட்டு பொதுக் கணக்கு. முன்னால் இருக்கிற தட்டு சொந்தக் கணக்கு. உதாரணத்துக்கு, அஞ்சு பேர் போறீங்க. தபாஸ் 1,500 ரூபாய். நாலு பேர் மட்டும் 400 ரூபாய் பாஸ்தா. 5 சதவிகித ஜி.எஸ்.டி. சேர்த்தால் மொத்தம் 3,255. சரிசமமா பிரிச்சா, பாஸ்தாவே சாப்பிடாதவன் 651 ரூபாய் அழணும். நம்ம கணக்குப்படி அவன் பங்கு வெறும் 315. மத்தவங்களுக்கு 735. சைவம் சாப்பிடுற தோழி இருந்தா, பூண்டு இறால் தட்டையும் சாப்பிட்டவங்க கணக்கிலேயே எழுதுங்க.

இன்னும் மூணு விஷயம்:

* 'ஆளுக்கு 300 ரூபாய்க்குள்ள முடிச்சுக்கலாம்' என்று கிளம்பும்போதே சொல்லிடுங்க. அதைப் பாக்கெட் மணி அதிகமா இருக்கிறவர் சொல்லணும். இல்லாதவர் வாயிலிருந்து அது வரவே வராது.

* எல்லாத் தட்டையும் ஒரே மூச்சில் ஆர்டர் பண்ணாதீங்க. முதலில் ரெண்டு, காலியானதும் அடுத்தது. தபாஸுக்கு அதுதான் அழகு.

* பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' தானா ஏறியிருக்கா பாருங்க. அப்படிச் சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. எடுக்கச் சொல்லுங்க. மறுத்தால் 1915-க்கு போன் போடுங்க. பரிமாறினவருக்கு மனசார டிப்ஸ் வைக்கிறது வேற விஷயம், அதை மறக்காதீங்க.

கணக்குப் பார்த்தா நட்பு கெட்டுடும்னு யாரோ கிளப்பிவிட்ட புரளியை நம்பாதீங்க. கணக்கு தெளிவா இருந்தா, அடுத்த ட்ரீட்டுக்கும் அஞ்சு பேருமே வருவாங்க!