உஷார்! கச்சான் தேயிலையைக் கணினி யாருக்கோ தாரை வார்க்கிறது

கொழும்பில் தேயிலை கலந்து பொதி கட்டி ஏற்றுமதி செய்யும் கம்பனிகளில் திட்டமிடல் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களே, ஆடி பிறப்பதற்குள் உங்கள் மென்பொருளைத் திறந்து ஒரு பக்கத்தை மட்டும் பாருங்கள். எந்த ஆர்டருக்கு எந்தச் சரக்கு என்று கணினி முடிச்சுப் போடும் பக்கம். 'பெக்கிங்' என்பார்கள். மென்பொருளை நிறுவ வந்தவர் ஒரு மத்தியானத்தில் அதை நிரப்பிவிட்டுப் போயிருப்பார். அதற்குப் பிறகு யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

நான் உடப்புசல்லாவைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். கொழுந்து மடுவத்துத் தராசைப் பார்த்து வளர்ந்து, பிறகு கொழும்பில் இந்த மேசைக்கு வந்தவன். எங்கள் மலை நுவரெலியாவுக்குக் கிழக்கே, ஊவாவை ஒட்டிக் கிடக்கிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வறண்டு வீசும்போது கொழுந்தின் வளர்ச்சி குறையும், வாசம் ஏறும். வருடத் தொடக்கத்துக் குளிரிலும் ஒரு நல்ல பருவம் உண்டு. மற்ற மாதங்களில் மழைத் தேயிலை. மூன்றுமே 'உடப்புசல்லாவை, பி.ஓ.பி.' என்றுதான் பதிவாகும். கணினிக்கு மூன்றும் ஒரே பொருள். ஆபத்து இங்கேதான் ஆரம்பம்.

ஒருமுறை எனக்கே நடந்தது. பருவத் தேயிலை என்று கேட்டு, அதற்கான விலையும் கொடுத்த ஒரு வாடிக்கையாளரின் ஆர்டர் ஒக்டோபரில் போக வேண்டும். சாதாரணக் கலவைக்கான இன்னொரு ஆர்டர் செப்டெம்பரில். 'முதலில் வந்தவருக்கு முதலில்' என்ற விதிப்படி, கையிலிருந்த ஆகஸ்ட் தேயிலை முழுவதையும் கணினி கலவைக்குக் கட்டிவிட்டது. ஒக்டோபர் ஆர்டருக்கு மழைத் தேயிலை. அளவும் திகதியும் பொருந்தியதால் திரையில் ஒரு சிவப்பு எழுத்துக்கூட இல்லை. கோப்பையில் ஊற்றிச் சுவைத்தவர்தான் கண்டுபிடித்தார். அதற்குள் கலவைத் தொட்டி சுழன்று முடிந்துவிட்டது. கலந்த தேயிலையைப் பிரிக்க எந்த மென்பொருளாலும் ஆகாது.

ஆகவே முதல் வேலை, பருவம், தோட்டம், இன்வொயிஸ் இலக்கம் இவற்றைக் குணங்களாகக் கொடுத்து, குணம் பொருந்தினால் மட்டுமே முடிச்சு விழ வேண்டும் என்று கட்டுப்பாடு போடுவது. இதிலும் ஒரு பொறி இருக்கிறது. கணினிக்குத் தெரிந்தது சரக்கு களஞ்சியத்துக்கு வந்த நாள். அரைத்த நாள் அதற்குத் தெரியாது. தோட்டத்துத் தொழிற்சாலையான ஸ்டோரில் அரைத்த தேயிலை தரகர் கைக்குப் போய், பட்டியலில் ஏறி, ஏலத்தில் விலைபோய் உங்களிடம் வரச் சில வாரங்கள் ஆகும். ஆகஸ்டில் வந்த சாக்கு ஜூனில் அரைத்ததாக இருக்கலாம். அரைத்த மாதத்தைத் தனியாகப் பதியாதவர்கள் பருவத்தை ஊகத்தில்தான் விற்கிறார்கள்.

தேயிலையில் தங்கும் மருந்தின் எச்ச அளவு இன்னும் பெரிய அபாயம். 2015இல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்குத் தடை வந்தது. தேயிலைக்கும் இறப்பருக்கும் 2018இல்தான் தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் களைக்கு மாற்று மருந்து தேடியபோது ஜப்பானுடன் எம்.சி.பி.ஏ. எச்சத்தால் சிக்கல் வந்தது. தனி வரம்பு வகுக்காத மருந்துக்கு அங்கே அனுமதி 0.01 பி.பி.எம். ஜப்பானுக்குச் சோதனை தேறிய தொகுதியைக் கணினி வேறு நாட்டு ஆர்டருக்குக் கட்டிவிட்டு, ஜப்பான் ஆர்டருக்குச் சோதிக்காத தொகுதியை நீட்டினால்? சோதனை முடிவைக் குணமாகச் சேர்க்காதவரை அது நீட்டும்.

'அப்படியானால் எல்லாவற்றையும் நிரந்தர முடிச்சாகப் போட்டுவிடுகிறேன்' என்பார்கள். அதுவும் வேண்டாம். 2017 டிசம்பரில் ஒரு பொதியில் கப்ரா வண்டு கிடைத்ததென்று ரஷ்யா நம் தேயிலைக்கு வாசலை அடைத்தது. அந்த மாதம் முடிவதற்குள் தடை நீங்கியது என்பது நம் அதிர்ஷ்டம். அப்படி ஒரு நாளில் ரஷ்ய ஆர்டர்களுக்கு நிரந்தரமாகக் கட்டிய சரக்கு, யாராவது கையால் அவிழ்க்கும் வரை அசையாது. பக்கத்து ஆர்டர் பசியோடு நிற்கும், கணினியோ சரக்கு இல்லை என்று சாதிக்கும். பருவத் தேயிலைக்கும் சோதனை தேறியதற்கும் நிரந்தர முடிச்சு, சாதாரணக் கலவைக்குத் தானாக மாறும் முடிச்சு. நான் இப்படித்தான் பிரிக்கிறேன்.

காலவரம்பையும் பாருங்கள். வரவு எத்தனை நாள் முந்தலாம், எத்தனை நாள் பிந்தலாம் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். பிந்தும் கட்டத்தில் பெரிய எண் கிடந்தால், கப்பல் போன பிறகு வரும் தேயிலையையும் கணினி அந்த ஆர்டருக்கே கட்டும். வரவு வராமலே போகவும் கூடும். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. அந்த ஆண்டு சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் உற்பத்தி, 2022இல் சுமார் 251 மில்லியனுக்கு இறங்கியது. வருமென்று எழுதிவைத்த வரவுகளை நம்பி முடிச்சுப் போட்டிருந்தால் அவை காற்றில் போட்ட முடிச்சுகள்தான். கையிருப்பு வேறு, எதிர்பார்ப்பு வேறு. எதிர்பார்ப்பை வைத்து வாடிக்கையாளருக்குத் திகதி கொடுப்பதை அமைப்பிலேயே நிறுத்துங்கள்.

பெரிய கம்பனிகள் தப்பிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஐ2 கம்பனியின் மென்பொருளைப் போட்ட நைக்கி, தேவைப்படாத சப்பாத்துகளை அதிகமாகவும் தேவைப்பட்டதைக் குறைவாகவும் செய்வித்து, 2001இல் சுமார் 100 மில்லியன் டொலர் விற்பனையை இழந்தது. சப்பாத்து அடுத்த வருடமும் விற்கும், தள்ளுபடியிலாவது. கச்சான் தேயிலைக்கு அந்த வசதி இல்லை.

ஏன் இப்போது இந்தக் கூச்சல்? எஸ்.ஏ.பி.யின் பழைய ஏ.பி.ஓ. திட்டமிடல் மென்பொருளுக்கு வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது. அதை வைத்திருப்பவர்கள் புதியதற்கு இடம்பெயர்கிறார்கள். வீடு மாறும்போது அம்மி, உரல் எல்லாம் வந்து சேரும், உப்புச் சாடி மட்டும் காணாமல் போகும். அதுபோலப் பழைய அமைப்பில் யாரோ பட்டுத் திருத்திவைத்த சின்னச் சின்ன எண்கள் புதியதில் வந்து சேர்ந்தனவா என்று பார்த்தவர் எத்தனை பேர்?

போன ஆகஸ்ட் ஆர்டர்களையும் வரவுகளையும் ஒரு பரீட்சைப் பிரதியில் ஏற்றுங்கள். முடிச்சுப் பட்டியலைத் தாளில் அச்சடித்து, கணினிப் பிரிவுக்குக் கொடுக்காமல், தேயிலை சுவைக்கும் அறைக்குக் கொண்டுபோங்கள். இன்வொயிஸ் இலக்கத்தைப் பார்த்ததும் கோப்பையை ஞாபகம் வைத்துச் சொல்லக்கூடியவர் அங்கேதான் இருக்கிறார். பேனாவையும் அவர் கையிலேயே கொடுங்கள், நிறைய அடிப்பார். முதல் தடவை என் பட்டியலில் ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு இடம் அடித்தார்.