திறக்க மறுக்கும் பானெட்

பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்றவர்களின் இல்லங்களில், அவர்கள் விடுமுறைக்கு வரும் நாட்களுக்கென்றே ஒரு பழைய கார் நிறுத்தப்பட்டிருப்பதைக் கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் நீங்கள் கண்டிருக்கலாம். ஆண்டின் பெரும்பகுதி அது கொட்டகையில் உறங்கும். வாப்பா ஊர் வந்துவிட்டால் திருமணம், பெருநாள், உறவினர் வீடு என ஓயாது ஓடும். 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன மாருதி 800 கார்களில் பல இன்றும் இவ்வாறே வீட்டுக்கு வீடு காலம் தள்ளுகின்றன. இத்தகைய கார்களில் சத்தமில்லாமல் பழுதாகிவிடும் ஓர் உறுப்பைப் பற்றியே இங்கு உங்களுடன் பேச விரும்புகிறோம். அது, பானெட்டைத் திறப்பதற்காக ஓட்டுநரின் காலருகே டாஷ்போர்டின் அடியில் இருக்கும் சிறு கைப்பிடியும், அதனுடன் பிணைந்த கேபிளும்.

இது என்ன பெரிய விஷயம் என்று எண்ணிவிடாதீர்கள். நெடுஞ்சாலையில், குழந்தைகளும் முதியவர்களும் உள்ளே அமர்ந்திருக்க, வெப்பத்தைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை ஓரங்கட்டிக் கைப்பிடியை இழுக்கிறீர்கள், அசையவில்லை. பலங்கொண்ட மட்டும் இழுக்கிறீர்கள். 'டக்' என்ற ஒலியுடன் கைப்பிடி கையோடு வந்துவிடுகிறது. எஞ்சின் ஆறிய பின்பும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வழியில்லை. பாட்டரியின் இணைப்பைக் கழற்றவும் வழியில்லை. பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, வண்டியைக் கட்டி இழுத்துச் செல்லும் நிலைக்கு வந்துவிடும். (புகையோ நெருப்போ தென்பட்டால் பானெட்டைத் திறக்க முயலவே வேண்டாம். எல்லோரையும் இறக்கித் தொலைவில் நிறுத்துவதே முதல் வேலை. திறந்த பானெட் வழியே காற்றுப் புகுந்தால் தீ பெருகும்.)

இந்தக் கேபிளின் அமைப்பு மிக எளியது. மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிச் செய்த கம்பி உள்ளே. அதனைச் சுற்றிச் சுருள் கம்பியாலான உறை. அதன் மேல் பிளாஸ்டிக் போர்வை. உறை அசையாமல் நிற்க, உட்கம்பி மட்டும் நகர வேண்டும். எர்னஸ்ட் பௌடன் என்பவர் 1896ஆம் ஆண்டில் பிரிட்டனில் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. சைக்கிள் பிரேக்கிலும் இருப்பது இதுவே. கைப்பிடியை இழுத்தால் உட்கம்பி, காரின் முன்புறத்தில் உள்ள பூட்டின் நாக்கை விலக்குகிறது. பானெட் ஒரு விரற்கடை மேலெழும்புகிறது. அதன் பிறகு முன்விளிம்பின் அடியில் கைவிட்டு இரண்டாவது கொக்கியை நீங்களே விலக்க வேண்டும். இந்தக் கொக்கிக்குக் கேபிளுடன் தொடர்பில்லை. ஓடும்போது பூட்டு விடுபட்டாலும் பானெட் கண்ணாடியில் வந்து மோதாதபடி காப்பது அதுதான்.

கேபிள் ஏன் இறுகுகிறது? அதன் முன்முனை மழைநீரும் புழுதியும் நேராக வந்து மோதும் இடத்தில் இருக்கிறது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஈரத்தில் கரைந்த உப்பு எஃகைத் துருப்பிடிக்க வைக்கும் வேகத்தை உங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகளே சொல்லும். அன்றாடம் அசைகின்ற கம்பியில் துரு அத்தனை எளிதில் பற்றாது. மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும் கம்பியோ உறையோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே, வாகனம் ஓடாவிட்டாலும் மாதம் இருமுறை பானெட்டைத் திறந்து மூடும்படி வீட்டிலுள்ளவர்களிடம் சொல்லிச் செல்வது நல்லது.

இன்னொரு காரணம் வளைவு. படகுக் கயிற்றைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் எத்தனை பேர் இழுத்தாலும் அது நகராது அல்லவா? கேபிளும் அப்படியே. எங்கேனும் கூர்மையாக வளைந்திருந்தால் உராய்வு பன்மடங்காகும். பாட்டரி மாற்றும்போதோ, விபத்துக்குப் பின் முன்பக்கம் சீர்செய்யும்போதோ கேபிளைக் கண்டபடி மடித்துச் சொருகிவிடுவது பட்டறைகளில் அடிக்கடி நடப்பது.

கைப்பிடி கடினமாக இருப்பதாகத் தோன்றினால், காலால் உதைப்பதையும் குறடால் பிடித்து இழுப்பதையும் தயவுசெய்து தவிருங்கள். முதலில் துணைக்கு ஒருவரை அழையுங்கள். அவர் பானெட்டின் முன்விளிம்பை, பூட்டு இருக்கும் இடத்திற்கு நேர்மேலே, உள்ளங்கையால் கீழ்நோக்கி அழுத்தட்டும். அதே வேளையில் நீங்கள் கைப்பிடியை நிதானமாக இழுங்கள். பூட்டின் நாக்கின் மீதுள்ள அழுத்தம் குறைவதால் பெரும்பாலும் திறந்துவிடும்.

திறந்ததும் பானெட்டைத் தாங்குகம்பியில் உறுதியாக நிறுத்துங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சாவி கழற்றப்பட்டிருக்க வேண்டும். சிறுவர்கள் அருகில் நிற்கக்கூடாது. இப்போது குற்றவாளி பூட்டா கேபிளா என்று அறிய வேண்டும். கேபிளின் முன்முனையைப் பூட்டிலிருந்து கழற்றிவிட்டுக் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். இலகுவாக வந்தால் கோளாறு பூட்டில். அப்போதும் இறுக்கமென்றால் கேபிளில். இந்தச் சோதனையைச் செய்யாமலே "கேபிளை மாற்றுங்கள்" என்று சொல்லிவிடும் மெக்கானிக்குகள் உண்டு. அவர் சொல்லும்படி மாற்றியும் இறுக்கம் போகாதபோதுதான் பூட்டின் நினைவு வரும்.

பூட்டு என்றால் செலவே இல்லை. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்து, கெட்டிப்பட்ட கிரீஸையும் மண்ணையும் தேய்த்து நீக்குங்கள். துணியால் துடைத்துக் காய்ந்த பின் துரு இளக்கும் எண்ணெய் தெளித்து, நாக்கைத் திருப்புளியால் பலமுறை முன்னும் பின்னும் அசையுங்கள். அதன் சுருள்வில் நாக்கைத் தானாகவே பழைய இடத்திற்குக் கொண்டுவர வேண்டும். பிறகு புதிய கிரீஸை மெல்லியதாகத் தடவினால் போதும். இரண்டாவது கொக்கியையும் அவ்வாறே செய்யுங்கள். சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ எடுத்து வர வேண்டாம். நாளடைவில் அவை பிசுபிசுத்துத் தூசியைச் சேர்த்துக்கொள்ளும்.

கேபிளில் கோளாறு என்றால், கழற்றிய முனையை உயரத் தூக்கிக் கட்டுங்கள். பாலிதீன் பையின் மூலையை வெட்டிச் சிறு புனல் போல உறையின் வாயில் கட்டி, துரு இளக்கும் எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி இரவு முழுவதும் இறங்க விடுங்கள். மறுமுனையின் அடியில் பழந்துணி விரிக்க மறவாதீர்கள். மறுநாள் உட்கம்பியை இரு முனைகளிலிருந்தும் மாறி மாறி இழுங்கள். இலகுவானதும் மெல்லிய எஞ்சின் ஆயிலைச் சில சொட்டுகள் விடுங்கள். கடைகளில் தெளிப்பானாகக் கிடைக்கும் டபிள்யூடி-40ஐ மட்டும் அடித்துவிட்டு வேலை முடிந்ததென்று பலர் இருந்துவிடுகிறார்கள். அதன் பெயரிலேயே இருப்பது நீரை விலக்கும் பணிதான். கேபிளுக்குள் நெடுநாள் நிற்கும் மசகு அதுவன்று.

உறையைப் பிடித்து நிறுத்தும் கிளிப்புகளையும் பாருங்கள். கைப்பிடி லேசாக வந்தும் பானெட் திறக்கவில்லையென்றால், உறை தன் பிடியிலிருந்து நழுவி உட்கம்பியோடு சேர்ந்து நகர்கிறதா என்று நோக்க வேண்டும்.

கம்பியின் இழைகளில் ஒன்றிரண்டு அறுந்து முள்போல் நீட்டிக்கொண்டிருந்தாலோ, உறை நசுங்கியிருந்தாலோ எண்ணெய் வைத்தியம் செய்து காலத்தை வீணாக்காதீர்கள். புதிய கேபிள் வாங்குங்கள். பழையதை உருவும் முன், அதன் முன்முனையில் நீளமான நூல்கயிறு ஒன்றைக் கட்டிவிடுங்கள். கேபிளைக் காருக்குள் இழுக்கும்போது, அது சென்ற வழியெங்கும் கயிறு நிற்கும். அந்தக் கயிற்றில் புதியதைக் கட்டி முன்புறமிருந்து இழுத்தால் பழைய பாதையிலேயே வந்து சேரும். பொருத்தும்போது சிறிது தளர்வு இருக்கட்டும். விறைப்பாகக் கட்டினால் நாக்கு முழுமையாகப் பூட்டாமல், ஓட்டத்தில் பானெட் விடுபடும் அபாயம் உண்டு.

எல்லாம் முடிந்ததும் ஆவலில் பானெட்டை உடனே அறைந்து மூடிவிடாதீர்கள். திறந்திருக்கும் நிலையிலேயே பூட்டைத் திருப்புளியால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, உள்ளிருந்து கைப்பிடியை இழுங்கள். மூன்று முறை பிசகாமல் விடுபட்ட பின்னரே மூடுங்கள்.

பானெட் மூடியிருக்கும்போதே கேபிள் அறுந்துவிட்டால்? பல வேளைகளில் அறுபடுவது கைப்பிடியருகேதான். கைப்பிடியைக் கழற்றினால் உறையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் நுனி தென்படும். ஒருவர் பானெட்டை அழுத்த, மற்றவர் நுனியைக் குறடால் பற்றி இழுத்தால் திறக்கும். நடுவிலோ முன்னாலோ அறுந்திருந்தால், கிரில்லின் இடைவெளி வழியாகவோ அடியிலிருந்தோ வளைந்த கம்பியால் பூட்டின் நாக்கை நகர்த்த வேண்டும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் அருகிலேயே இருப்பதால் இதனை அனுபவமுள்ளவரிடம் விடுவதே மேல்.

வண்டி மிகப் பழையதாயின், பூட்டின் நாக்கில் இன்னொரு மெல்லிய எஃகுக் கம்பியைக் கட்டி, அவசரத்துக்கு இழுக்கும்படி அதன் மறுமுனையை முன்சக்கரத்தின் உட்புறமாகக் கொண்டுபோய் மறைவாகச் செருகி வைப்பவர்கள் உண்டு. செய்வதாயின், அக்கம்பி சக்கரத்திலோ மின்விசிறியிலோ பெல்ட்டிலோ உரசாதபடி கட்டுங்கள். அது இருக்கும் இடத்தை வீட்டில் ஓட்டத் தெரிந்த எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்; வெளியே எவரிடமும் சொல்லாதீர்கள், பாட்டரி திருடுபவனுக்கும் அதுவே வழி.